சன்னது யார் கையில்? தமிழகத்தில் வழக்கறிஞர் சுதந்திரத்தின் வரலாறு, 1879–2025

புதுவயல்காரருக்குச் சட்டம் என்பது காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்கும் ஒரு வக்கீல்தான். அரிசி ஆலையிலிருந்து அனுப்பிய சரக்குக்கு வாங்கிய காசோலை பணமில்லாமல் திரும்பலாம். பல பங்காளிகளுக்குப் பொதுவாக நிற்கும் பூர்வீக வீட்டில் ஒருவர் தன் பாகத்தைப் பிரித்துக் கேட்கலாம். வரப்புத் தகராறு முற்றிக் காவல் நிலையம் வரை போகலாம். எதுவானாலும் ஊரில் முதலில் எழும் கேள்வி, ‘எந்த வக்கீலிடம் கொடுத்திருக்கிறீர்கள்?’ என்பதுதான். அரசியல் சாசனம் தரும் உரிமைகளெல்லாம் அந்த வக்கீல் எழுந்து நின்று பேசும்போதுதான் கண்டனூருக்கும் சாக்கோட்டைக்கும் புதுவயலுக்கும் வந்து சேர்கின்றன. அவரைப் பேசவிடாமல் செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்துவந்திருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கறிஞருக்கு வரும் ஆபத்துகள் பலவகை. 2024 நவம்பரில் ஓசூர் நீதிமன்றத்துக்கு வெளியே பட்டப்பகலில் ஒரு வழக்கறிஞர் வெட்டப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சிறைப்பட்ட தமிழர்களுக்காக வாதாடிவந்த குமார் பொன்னம்பலம், 2000 ஜனவரி 5 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய தாக்குதல்கள் வெளியே தெரிகின்றன, கண்டனத்துக்கும் உள்ளாகின்றன. தொழில் செய்யும் உரிமையையே திரும்பப் பெறுவது சத்தமில்லாமல் நடக்கிற காரியம். அந்த உரிமையைத்தான் நாம் சன்னது என்கிறோம். அதைப் பறிக்கும் அதிகாரம் காலனிய அரசின் நீதிமன்றத்திடம் தொடங்கி, நீதிமன்றமும் பார் கவுன்சிலும் பங்கிட்டுக்கொண்ட ஒரு காலத்தைக் கடந்து, 1961இல் வழக்கறிஞர்களிடமே வந்து சேர்ந்தது. 2016இல் சென்னையிலும் 2025இல் டெல்லியிலும் அது மீண்டும் கைமாறப் பார்த்தது. எந்த நீதிபதியின் முன் நின்று வழக்கறிஞர் எதிர்வாதம் செய்ய வேண்டியிருக்கிறதோ, அந்த நீதிபதியிடமே சன்னதும் இருந்தால் கட்சிக்காரருக்கு முழு வாதம் கிடைக்காது என்பது இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்கு உறுதியாகிறது. அதே அளவு உறுதியாகத் தெரியும் இன்னொன்றும் உண்டு: கையில் கிடைத்த அதிகாரத்தை வழக்கறிஞர் சமூகம் நேர்மையாகச் செலுத்தத் தவறிய காலங்களில்தான் அது கைமாறும் நிலைக்கு வந்தது.

மாவட்ட நீதிபதியின் கீழ்

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தொடங்கியபோது அதில் வாதாடியவர்கள் ஒரே தரத்தினர் அல்லர். பாரிஸ்டர்கள் தனி, வக்கீல்கள் தனி, ஜில்லா, முன்சீப் கோர்ட்டுகளில் பிளீடர்கள் தனி. இந்தக் கடைசி வகையினர்தான் சிற்றூர் மக்களுக்குத் தெரிந்த வக்கீல்கள். அவர்களை ஆண்டது 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழில்புரிவோர் சட்டம். குற்றத் தண்டனை பெற்ற பிளீடரையும், தொழிலில் முறைகேடு செய்த பிளீடரையும் நீக்கவோ இடைநிறுத்தவோ உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. அதனினும் கூர்மையானது அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு. பிளீடர்மீது கீழ் நீதிமன்றமே குற்றச்சாட்டு எழுதலாம், அதுவே விசாரிக்கலாம், உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையும் அனுப்பலாம். உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வரும்வரை அந்தப் பிளீடர் தொழில் செய்யக் கூடாது என்று மாவட்ட நீதிபதி தடுக்கலாம். அவருடைய அனுமதி பெற்றுக் கீழ் நீதிபதியும் தடுக்கலாம்.

இதன் பொருளை ஒரு முன்சீப் கோர்ட்டில் நின்று பார்த்தால்தான் விளங்கும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் பிளீடர், காவல் ஆய்வாளரின் வாக்குமூலத்தில் உள்ள முரண்பாட்டை எடுத்துக்காட்டுகிறார். நீதிபதிக்கு அது பிடிக்கவில்லை. ‘உட்காருங்கள்’ என்கிறார். பிளீடர் உட்கார மறுத்தால் அவருடைய அன்றாடச் சாப்பாடே அந்த நீதிபதியின் அறிக்கையில் தொங்குகிறது. விசாரணை முடிந்து அவர் குற்றமற்றவர் என்று உயர் நீதிமன்றம் சொல்லப் பல மாதங்கள் ஆகலாம். அதற்குள் கட்சிக்காரர்கள் கேஸ் கட்டுகளை வாங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் போயிருப்பார்கள். இந்த 14ஆம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 137 ஆண்டுகள் கழித்துச் சென்னையில் வேறொரு உருவில் அதைச் சந்திக்கப்போகிறோம்.

வ.உ.சி.யின் சன்னது

அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த பிளீடர்களில் நாடறிந்தவர் ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரம் பிள்ளை. அவரைக் கப்பலோட்டிய தமிழராக நினைவில் வைத்திருக்கும் நாம், அவர் வக்கீல் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அவருடைய தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். 1890களின் நடுவில் தேர்வு எழுதித் தொழிலில் இறங்கிய வ.உ.சி., ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காகக் குற்றவியல் வழக்குகளை நடத்தியதையும், அதனால் காவல் துறையோடும் கீழ்நிலை அதிகாரிகளோடும் ஏற்பட்ட மோதல்களையும் தம் சுயசரிதையில் பதிவுசெய்திருக்கிறார். 1900இல் அவர் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் 12 அன்று கைதானார். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் விடுதலை ஆனார்.

விடுதலையானவருக்குக் கப்பல் கம்பெனி இல்லை, சன்னதும் இல்லை. ராஜதுரோகத் தண்டனையோடு தொழில் உரிமையும் போயிருந்தது. சென்னையிலும் கோவையிலும் அவர் பட்ட வறுமை தமிழர் அனைவரும் அறிந்தது. செக்கிழுத்த தண்டனைக்கு ஒரு முடிவு இருந்தது. சன்னது பறிபோன தண்டனை சிறைக்கு வெளியேயும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பின்னர் அந்தச் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி.

இந்தப் பெயரிடலை நம் மேடைகளில் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பெருந்தன்மைதான், ஐயமில்லை. எனக்கு அதில் வருத்தமும் சேர்ந்தே தெரிகிறது. தொழில் செய்யும் உரிமை ஒரு தனி மனிதரின் நல்ல மனத்தால் கிடைத்தது. இன்னொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் கிடைக்காமலே போயிருக்கலாம். சட்டத்தின் ஆட்சி என்று நாம் பேசுவதெல்லாம், நல்லவர் வந்தாலும் கெட்டவர் வந்தாலும் ஒரே விடை கிடைக்கும் ஏற்பாட்டைத்தானே?

ஊர் விரும்பாத கட்சிக்காரர்

புதுவயல் அடங்கிய செட்டிநாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1937இல் பதவியேற்ற ராஜாஜி அமைச்சரவை, 1938ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டமாக விவசாயக் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடன்பட்ட உழவர்களுக்கு அது மூச்சு விடும் வாய்ப்பு. வட்டித் தொழில் செய்த செட்டியார்களுக்கு அது பெரும் இழப்பு. ஊர் அனுதாபம் யார் பக்கம் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஒரு பிராமிசரி நோட்டுக் கடன் வழக்கு, டெல்லியில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. நகரத்தார் விலாசத்தின் நீண்ட முன்னெழுத்துகளோடு, சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமிக் கவுண்டன் என்று 1940இல் தீர்ப்பான அந்த வழக்கு, மாகாணச் சட்டமன்றத்தின் அதிகார எல்லை பற்றி இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. செட்டியார் தோற்றார். சட்டம் நிலைத்தது. அது நல்லதுதான் என்பேன். ஆனால் அரசாங்கமும் பொதுமக்களும் ஒருபக்கம் நிற்கும்போது மறுபக்கம் நின்றவருக்கும் வக்கீல் கிடைத்தார். அவருடைய வாதத்தை நாட்டின் மேல்நிலை நீதிமன்றம் உட்கார்ந்து கேட்டது. அந்தத் தீர்ப்பின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. ஒருபக்க வாதத்தின் மேல் எழுந்த தீர்ப்பாக இருந்தால் உழவர்களுக்குமே அது உறுதியான காப்பாக இருந்திராது.

வக்கீல் கிடைக்காத, அல்லது வக்கீலையும் நம்பாத நிலை எப்படியிருக்கும் என்பதையும் இதே வட்டாரம் கண்டது. 1942 ஆகஸ்டில் தேவகோட்டை நீதிமன்றம் கொளுத்தப்பட்டது. அதே நாட்களில் திருவாடானைச் சிறை உடைக்கப்பட்டு விடுதலைப் போராளி சின்ன அண்ணாமலை வெளியே கொண்டுவரப்பட்டார். விடுதலைப் போராட்டத்தின் வீரக் கதையாகவே இதைச் சொல்லி வந்திருக்கிறோம். நீதிமன்றத்தை அந்நிய அரசின் இன்னொரு காவல் நிலையமாக மக்கள் பார்த்தார்கள் என்பதையும் அந்தத் தீ சொல்கிறது.

விடுதலைக்குப் பிறகும் கட்சிக்காரரையும் வக்கீலையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியான தலச்சேரியில், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் ஓர் இளம் வழக்கறிஞர் ஒரு மாதம் சிறை வைக்கப்பட்டார். அவர்தான் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி.ஆர். கிருஷ்ணய்யர். 1950இல் சென்னை அரசு மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோத அமைப்பாக அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ் ஒரு பாரிஸ்டர். அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார்; மாநில அரசு செய்த மேல்முறையீட்டை 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய அந்தத் தீர்ப்பு, அடிப்படை உரிமைமீது அரசு வைக்கும் கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் அளந்து பார்க்கும் முறைக்கு இந்தியா முழுவதற்கும் அடித்தளமானது. ஆள்வோருக்குப் பிடிக்காத ஒரு வக்கீல் நீதிமன்றம் போனதால் நமக்குக் கிடைத்த சொத்து அது.

1926, 1953, 1961

சன்னது கைமாறிய கதை விரைவாகச் சொல்லக்கூடியது. 1923இல் கூடிய சேமியர் குழுவின் பரிந்துரைப்படி 1926இல் இந்திய பார் கவுன்சில்கள் சட்டம் வந்தது. ஒவ்வோர் உயர் நீதிமன்றத்துக்கும் 15 பேர் கொண்ட கவுன்சில். அவர்களில் 10 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முறைகேட்டுப் புகாரை விசாரிக்கும் வேலை கவுன்சிலின் தீர்ப்பாயத்துக்கு வந்தது. தண்டிக்கும் கடைசிச் சொல் உயர் நீதிமன்றத்திடமே இருந்தது. விடுதலைக்குப் பின் நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையில் அமைந்த அகில இந்திய பார் குழு, 1953இல் தந்த அறிக்கையில் நாடு முழுவதற்கும் ஒரே வழக்கறிஞர் பட்டியலையும் தன்னாட்சி உள்ள கவுன்சில்களையும் கேட்டது. அதன் பலன்தான் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம்.

அதன் 35ஆம் பிரிவு, வழக்கறிஞரைக் கண்டிக்கவும் இடைநிறுத்தவும் பட்டியலிலிருந்து நீக்கவும் மாநில பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழுவுக்கு அதிகாரம் தந்தது. அதன்மேல் இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு. கடைசியாக 38ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம். நீதிபதியின் கோபத்துக்கும் வக்கீலின் பிழைப்புக்கும் இடையே முதன்முறையாக ஒரு சுவர் எழுந்தது. 1998இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே இந்தச் சுவரை ஒப்புக்கொண்டது. நீதிமன்ற அவமதிப்புக்காக ஒரு வழக்கறிஞரைச் சிறைக்கு அனுப்பலாம். சன்னதை இடைநிறுத்தும் தண்டனையை அவமதிப்பு வழக்கிலேயே சேர்த்து விதிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சுவரில் ஒரு சிறு கதவும் இருந்தது. வழக்கறிஞர்கள் தன் முன் தொழில் நடத்துவதற்கான நிபந்தனைகளை விதிகளாக வகுக்க 34ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்தை அனுமதிக்கிறது. அங்கி, வக்காலத்து, மனு தாக்கல் முறை போன்றவற்றுக்கென்றே அது நெடுங்காலம் கருதப்பட்டது.

பூட்டிய கதவுகள்

இங்கே வழக்கறிஞர்களைப் பற்றிக் கடுமையாகச் சொல்லியாக வேண்டும். தன்னாட்சி பெற்ற ஒரு தொழில் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதுதான் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் நம்பிக்கை. ஒரு புகாரை ஓர் ஆண்டுக்குள் முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்று 36-பி பிரிவு காலவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் தம்மை ஏமாற்றிய வக்கீல்மீது புகார் கொடுக்கச் சென்னை வரை போய் அலைந்து வர எத்தனை கட்சிக்காரர்களால் முடியும்? வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களையே தண்டிக்கும் துணிவு தேர்தலில் நின்று வந்தவர்களுக்கு எளிதில் வருவதில்லை.

புறக்கணிப்பு அடுத்த குறை. ஒரு புறக்கணிப்பு நாளில் தாலுகா நீதிமன்றத்துக்குப் போய் நின்றவர்களுக்குத் தெரியும். டவாலி பெயரைக் கூப்பிடுகிறார். கட்சிக்காரர் கைகட்டி முன்னால் போய் நிற்கிறார். வக்கீல் வளாகத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் இருக்கிறார். நீதிபதி ஏட்டைப் பார்த்து அடுத்த வாய்தாவைச் சொல்கிறார். வேலையை விட்டு, பேருந்துக்குச் செலவழித்து வந்தவர் ஒரு தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். ஜாமீன் கேட்டுக் காத்திருப்பவராக இருந்தால் அந்தத் தேதி வரை அவர் மகனோ கணவனோ உள்ளேதான். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஹரிஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தெளிவாகச் சொன்ன பிறகும் இது நின்றபாடில்லை.

இதைவிட என்னை உறுத்துவது, இன்னாருக்கு வாதாட மாட்டோம் என்று சங்கங்கள் போடும் தீர்மானங்கள். கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் நடந்த மோதலை ஒட்டி, குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானித்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, 2010 டிசம்பரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் அத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை என்று அறிவித்தார்கள். எவ்வளவு கொடியவர் என்று கருதப்பட்டாலும் அவருக்கும் வாதாட ஒருவர் வேண்டும் என்றார்கள். வக்கீலைக் கட்சிக்காரரோடு சேர்த்துத் தண்டித்த 1948ஆம் ஆண்டு அரசாங்கமும், கட்சிக்காரரைப் பார்த்து வக்கீலைத் தடுத்த சங்கமும் வெவ்வேறு திசையிலிருந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

பிறகு 2009. ஈழத்தில் போர் உச்சத்தில் இருந்த மாதங்கள்; தமிழக வழக்கறிஞர்கள் கொந்தளித்துப் போய் நீதிமன்றங்களைப் புறக்கணித்து வந்தார்கள். பிப்ரவரி 17 அன்று உயர் நீதிமன்ற அறைக்குள்ளேயே சுப்பிரமணியன் சுவாமிமீது முட்டை வீசப்பட்டது. 19ஆம் தேதி அது தொடர்பான கைது நடவடிக்கையை ஒட்டி மூண்ட மோதலில் காவல் துறை வளாகத்துக்குள் புகுந்து தடியடி நடத்தியது. வழக்கறிஞர்கள், நீதிமன்ற ஊழியர்கள், பொதுமக்கள் என்று பலர் மண்டை உடைந்தது; பணியில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும் காயமடைந்தார். வளாகத்தில் இருந்த காவல் நிலையம் எரிந்தது. உச்ச நீதிமன்றம் அனுப்பிய நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தம் இடைக்கால அறிக்கையில் வழக்கறிஞர்களின் ஒழுங்கீனத்தையும், அதை வளரவிட்ட மெத்தனத்தையும் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் உயர் நீதிமன்றம், காவல் உயர் அதிகாரிகள் நால்வர்மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீதிமன்றத்துக்குள் போலீஸ் தடியோடு புகுந்ததை எந்த முட்டையாலும் நியாயப்படுத்த முடியாது. தன் வழக்கைத் தானே எடுத்துச் சொல்ல வந்த ஒருவர்மீது நீதிபதிகளின் கண்முன் முட்டை வீசியதை எந்த இன உணர்வாலும் நியாயப்படுத்த முடியாது.

14-ஏ முதல் 14-டி வரை

2015 செப்டம்பரில், தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கக் கோரி வழக்கறிஞர்கள் சிலர் தலைமை நீதிபதியின் நீதிமன்ற அறையிலேயே குடும்பத்தோடு அமர்ந்தார்கள். கோரிக்கையின் நியாயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. 2006இலேயே சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய விஷயம் அது. மதுரைக் கிளை 2004 ஜூலையில் வந்ததால் பயணம் குறைந்தது. ஆனாலும் தன் நிலத்தைப் பற்றி அங்கே என்ன பேசப்படுகிறது என்பது புதுவயல்காரருக்கு இன்றும் புரிவதில்லை. அந்த நியாயமான கோரிக்கையை அறைக்குள் முற்றுகையாகக் கொண்டுபோனது எதிர்த் தரப்புக்குக் காரணத்தைக் கையில் கொடுத்தது. நவம்பரில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை உயர் நீதிமன்றத்துக்குக் காவல் வந்தது. 2016 மே மாதம் புதிய விதிகள் வந்தன.

விதிகளுக்கு ஒரு முன்கதை உண்டு. டெல்லியில் ஒரு கார் விபத்து வழக்கில் சாட்சியைக் கலைக்க முயன்ற மூத்த வழக்கறிஞரைப் பற்றிய ஆர்.கே. ஆனந்த் வழக்கில், 34ஆம் பிரிவின் கீழ் விதிகள் வகுக்கும்படி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. முன்பு சொன்ன அந்தச் சிறு கதவு இப்படித்தான் அகலத் திறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வகுத்த 14-ஏ விதியின் பட்டியலைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நீதிபதியின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவது, ஆவணத்தைத் திருத்துவது, குடித்துவிட்டு நீதிமன்றம் வருவது: இவற்றைத் தண்டிக்கக் கூடாது என்று எவரும் சொல்ல மாட்டார். அதே பட்டியலில் நீதிபதியை மிரட்டும் தொனியில் பேசுவது, நீதிபதிமீது ஆதாரமற்ற புகாரை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புவது, வளாகத்துக்குள் ஊர்வலத்தில் கலந்துகொள்வது ஆகியவையும் இருந்தன. தண்டனை, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ நீதிமன்றங்களில் ஆஜராகத் தடை. 14-பி விதி முதன்மை மாவட்ட நீதிபதிக்கும் தன் எல்லைக்குள் அந்த அதிகாரத்தைத் தந்தது. 14-டி விதி, விசாரணை முடியும் முன்பே இடைக்காலத் தடை விதிக்க வழி செய்தது.

1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இருந்த மாவட்ட நீதிபதி இங்கே திரும்பி வந்திருக்கிறார். குற்றம் சாட்டுபவர், விசாரிப்பவர், இடைக்காலத்தில் வாயடைப்பவர் எல்லாம் மீண்டும் ஒரே தரப்பு. கடுமையான குறுக்கு விசாரணைக்கும் மிரட்டும் தொனிக்கும் உள்ள இடைவெளியை அளப்பவர், அந்த விசாரணையால் எரிச்சலடைந்த அதே நீதிபதி. ஊழல் செய்த நீதிபதியைப் பற்றி மேலே எழுதத் துணிபவர், தம் புகார் ‘ஆதாரமற்றது’ என்று முடிவானால் தொழிலையே இழக்க வேண்டும். சென்னையில் செல்வாக்குள்ள மூத்த வழக்கறிஞர் இதைச் சமாளித்துவிடுவார். சிவகங்கை மாவட்டத்து இளம் வழக்கறிஞர், தம் வாழ்நாளில் பாதியை ஒரே நீதிமன்றத்தில் கழிக்க வேண்டியவர், முதல் எச்சரிக்கையிலேயே அடங்கிவிடுவார். இழப்பு அவருக்கு மட்டும் இல்லை. அவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவருக்கும்தான்.

எதிர்ப்பு மாநிலமெங்கும் பரவியது. பல வாரங்கள் நீதிமன்றங்கள் முடங்கின. இந்திய பார் கவுன்சில் 126 தமிழக வழக்கறிஞர்களை இடைநிறுத்தியது. ஜூலை 25 அன்று உயர் நீதிமன்ற முற்றுகைப் போராட்டம் நடந்தது. விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. முடிவு தெருவில் வரவில்லை. ஆர். முத்துக்கிருஷ்ணன் எதிர் சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளர் என்ற வழக்கில் 2019 ஜனவரி 28 அன்று, நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் 14-ஏ முதல் 14-டி வரையான விதிகளை ரத்து செய்தார்கள். 34ஆம் பிரிவு ஒழுங்கு நடவடிக்கை அதிகாரத்தைத் தரவில்லை. அது பார் கவுன்சிலுக்கு உரியது. அவமதிப்பு அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்கவே இருக்கிறது என்பது முடிவு. அதே தீர்ப்பு வேலைநிறுத்தங்களையும், நீதிபதிகள்மீது ஊடகங்களில் சேறு வீசுவதையும் வன்மையாகக் கண்டித்தது. வெற்றி கொண்டாடிய கூட்டங்களில் இந்தப் பகுதியை வாசித்தார்களா என்பதே என் ஐயம்.

மலேசியாவில் ஒரு தமிழர்

செட்டிநாட்டார் தொழில் நடத்தப் போன மலாயா மண்ணில் இந்த வரலாற்றுக்கு ஓர் உலக அத்தியாயம் உண்டு. வழக்கறிஞர்களின் பங்கு பற்றிய ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்டன. கட்சிக்காரரின் நோக்கத்தை வக்கீல்மீது ஏற்றக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்துக்கென ஐ.நா. ஒரு சிறப்பு அறிக்கையாளர் பதவியை 1994இல் உருவாக்கியபோது முதலில் அதை ஏற்றவர் மலேசிய வழக்கறிஞர் பரம் குமாரசாமி. மலேசிய பார் கவுன்சிலின் தலைவராக இருந்தவர்; மரண தண்டனைக் கைதி ஒருவரின் கருணை மனு பற்றிப் பேசியதற்காக அதற்கு முன்பே தேசத்துரோக வழக்கைச் சந்தித்து விடுதலையானவர். அறிக்கையாளராக இருந்து தம் நாட்டு நீதித் துறையைப் பற்றி ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காக அவர்மீது கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டு அவதூறு வழக்குகள் பாய்ந்தன. அவருக்குச் சட்டக் காப்பு உண்டு என்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் கருத்துரைத்தது. ஒரு தமிழ் வழக்கறிஞரின் பேச்சுரிமைக்காக உலக நீதிமன்றம் கூடியதை நம் பள்ளிப் புத்தகங்களில் எங்கும் நான் பார்த்ததில்லை.

2025

முந்தைய ஆபத்துகள் நீதிமன்ற அறையில் எழுந்தவை. 2025இல் எழுந்தவை அரசு அலுவலகங்களில். பிப்ரவரியில் மத்திய சட்ட அமைச்சகம் வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த வரைவை வெளியிட்டது. இந்திய பார் கவுன்சிலில் மத்திய அரசு உறுப்பினர்களை நியமிக்கவும், கவுன்சிலுக்கே அரசு கட்டளையிடவும் அதில் இடம் இருந்தது. புறக்கணிப்பைத் தடை செய்யும் புதிய 35-ஏ பிரிவும் கூடவே இருந்தது. புறக்கணிப்புத் தடையைக் கேட்டு ஊர்க் கட்சிக்காரர் மகிழ்ந்திருப்பார். அந்த மகிழ்ச்சியின் நிழலில்தான் மற்ற இரண்டும் நுழையப் பார்த்தன. நாட்டின் மிகப் பெரிய வழக்காளி அரசுதான். வழக்கறிஞர்களின் ஒழுங்கு மன்றத்துக்கு அந்த வழக்காளியே கட்டளையிடுவதை 1926இல் வெள்ளைக்கார அரசுகூடக் கேட்கவில்லை. எதிர்ப்புக்குப் பிறகு பத்து நாட்களுக்குள் வரைவு மறு ஆலோசனைக்காகத் திரும்பப் பெறப்பட்டது.

ஜூன் மாதம் அமலாக்கத் துறை, சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு அழைப்பாணை அனுப்பியது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு ஒதுக்கீடு பற்றி அவர் எழுதிக் கொடுத்த சட்டக் கருத்துரையே காரணம். டெல்லி மூத்த வழக்கறிஞர் பிரதாப் வேணுகோபாலுக்கும் அழைப்பாணை போனது. கண்டனம் எழுந்ததும் இரண்டையும் துறை திரும்பப் பெற்றது; துறைத் தலைவரின் அனுமதியின்றி வழக்கறிஞர்களை அழைக்கக் கூடாது என்று சுற்றறிக்கையும் விட்டது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியிடச் சொல்ல முடியாது என்ற 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவாக இருக்கிறது. அந்தப் பிரிவின் விதிவிலக்குகளுக்குள் வந்தாலன்றி வழக்கு விவரம் கேட்டு விசாரணை அதிகாரி வழக்கறிஞரை அழைக்கக் கூடாது. அழைத்தால் எந்த விதிவிலக்கு என்பதைச் சொல்ல வேண்டும். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். வழக்கறிஞரின் கணினி, கைப்பேசி போன்றவற்றை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும், மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் கசியக் கூடாது என்றெல்லாம் தீர்ப்பு வரம்பு கட்டியது.

நல்ல தீர்ப்பு. ஆனால் அது மூத்த வழக்கறிஞர்கள் இருவர் அழைக்கப்பட்டபோது நாடே திரும்பிப் பார்த்ததன் பலனும்கூட. அதே வழக்குக்கு முதல் காரணமாக இருந்தது, அகமதாபாத்தில் ஒரு கடன் தகராறில் ஜாமீன் வாங்கிக் கொடுத்ததற்காகப் போலீஸ் நோட்டீஸ் பெற்ற ஒரு சாதாரண வழக்கறிஞர். குஜராத் உயர் நீதிமன்றம் அவரைக் கைவிட்டது; உச்ச நீதிமன்றம் வரை போகத் துணிந்ததால் பிழைத்தார். காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ ஒரு வழக்கறிஞரை ‘ஸ்டேஷனுக்கு வந்து விளக்கம் சொல்லிவிட்டுப் போங்கள், சார்’ என்று தொலைபேசியில் அழைத்தால், எழுத்துபூர்வ ஒப்புதல் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டவருக்குப் பின்னால் அவருடைய சங்கம் நிற்க வேண்டும். அதே சங்கம், கட்சிக்காரர் பணத்தைக் கையாடிய உறுப்பினர்மீது புகார் வரும்போது அவருக்குப் பின்னால் நிற்காமலும் இருக்க வேண்டும். பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு மதுரைக்கும் சிவகங்கைக்கும் வந்து அமர்ந்து விசாரிக்க வேண்டும். 36-பி பிரிவின் ஓராண்டுக் கெடுவுக்குள் எத்தனை புகார்கள் முடிந்தன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வரைவு திரும்பப் பெறப்பட்டது மறு ஆலோசனைக்காகத்தான். அடுத்த முறை அது வரும்போது, வழக்கறிஞர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்வார்கள் என்பதற்கு அந்தக் கணக்கைத்தான் சான்றாகக் காட்ட முடியும்.